அம்மாவின் பாதி

அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எங்களுக்குத் தெரிந்தது அவர் சொன்ன ஒரு கெட்ட வார்த்தையால்.

காலை நேரம். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். விராலிமலைப் பக்கம் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. கம்பெனி பஸ் எங்கள் ஊர் முக்கத்தில் அதிக நேரம் நிற்காது. அடையாள அட்டை, சாப்பாடு, தண்ணீர் பாட்டில் என்று வாய்க்குள் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே அம்மா அப்பாவுக்குக் காப்பி கொடுத்தாள். டம்ளர் தரையில் விழுந்து உருண்டது. அதன் பின்னாலேயே அந்த வார்த்தை வந்தது. பெற்ற தாயை இழுத்துத் திட்டும் வார்த்தை. பஸ் ஸ்டாண்டிலும் சந்தையிலும் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டுக்குள் கேட்டதில்லை.

அம்மா வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"ஆட்டோவுக்குப் போன் பண்ணு. ஒங்கப்பாவுக்கு என்னமோ ஆயிருச்சு."

"விழுந்துட்டாராம்மா?"

"இல்ல. கெட்ட வார்த்த பேசுறாரு."

இன்னொரு வீட்டில் இதைக் கோபம் என்று நினைத்துத் தரையைத் துடைத்துவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பார்கள். அம்மா அப்படி நினைக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்த வாயை அவள் அறிவாள்.

அப்பா தனியார் பஸ் டிரைவர். புதுக்கோட்டைக்கும் விராலிமலைக்கும் நடுவே அவர் ஓட்டிய வண்டியில்தான் நான் பாலிடெக்னிக் போய் வந்தேன். கண் பார்வை மங்கியதால் முந்திய வருடம்தான் ஸ்டியரிங்கை விட்டிருந்தார். டிரைவர் என்றால் வாயில் வசவு தானாக ஊறும் என்பார்கள். அப்பா அந்த இடத்தில் வேறு சொற்களை வைத்திருந்தார். குறுக்கே பைக்கை விடுகிறவனுக்கு, "ஏ புண்ணியவானே, வீட்டுல புள்ள வழி பாத்துக்கிட்டு இருக்கும்யா." வழி விடாத லாரிக்கு, "அண்ணே, ரோடு ஒங்களுதுதான், எங்களுக்கும் செத்தக் குடுங்க." குடித்துவிட்டு ஏறி ஏசுகிறவனுக்கு, "நல்லா இருப்பீங்க, எறங்குங்க." இவற்றையும் கத்தித்தான் சொல்லுவார். கோபம் இல்லாதவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கழுத்து நரம்பு புடைக்கும். ஆனால் வெளியே வருவது வாழ்த்தாக இருக்கும்.

ஸ்டாண்டில் அவருக்குப் 'பூசை டிரைவர்' என்று பட்டம். அவருடைய கண்டக்டரே, "அண்ணே, நம்ம வண்டியில டிக்கெட்டோட மோட்சத்தையும் சேத்துக் கிழிச்சுக் குடுக்கணும் போல," என்று கேலி செய்வார்.

"நாப்பது அம்பது உசுரு பின்னாடி ஒக்காந்திருக்கு," என்பார் அப்பா. "வாயில நெருப்ப வச்சுக்கிட்டுப் புடிச்சா ஸ்டியரிங்கும் அப்படித்தான் திரும்பும்."

என்னிடம் சொன்னது வேறு. பள்ளிக்கூடத்தில் ஒருத்தியைத் திட்டிவிட்டு வந்த நாளில் சொன்னார். "ஒரு சொல்ல வெளிய விடுறதுக்கு முன்னாடி, கேக்குறவன் அதுல நிமிருவானா குனிவானான்னு பாரு ஆத்தா. ஆண்டவரு வாயக் குடுத்தது ஆள நிமித்தத்தான்."

ஆட்டோவில் அப்பா என் தோளில் சாய்ந்திருந்தார். ஒவ்வொரு வேகத்தடைக்கும் அந்த வார்த்தை வந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார், பிறகு பார்க்கவில்லை. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மருத்துவமனையில் என்னென்ன கேட்பார்கள் என்று வரிசைப்படுத்த முயன்றேன். வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம், சாப்பிடும் மாத்திரை. அதற்கு மேல் வரிசை நகரவில்லை.

"மொதல்ல என்ன கவனிச்சீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நான் சொன்னேன். "கெட்ட வார்த்த பேசுனாருங்க சார்."

"வழக்கமா பேசுவாரா?"

"ஒரு நாளும் பேசுனதில்லைங்க."

"வார்த்த குழறுச்சா?"

"தெளிவா இருந்துச்சுங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. அப்பாவின் முகத்துக்கு நேராகக் குனிந்து, "ஐயா, ஒங்க பேரு என்ன?" என்றார். அப்பா அவரைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னார். நர்ஸம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "ரெண்டு கையையும் தூக்குங்க." இடது கை எழுந்தது. வலது கை படுக்கையிலேயே கிடந்தது. அப்பா அதைத் தன்னுடையது இல்லாததைப் போலப் பார்த்தார்.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. நேரத்தோடு வந்ததால் ஊசி போட முடிந்தது என்றார்கள். உயிர் தப்பியது. வலது கால் மெல்ல மெல்லத் தரையில் ஊன்றியது. கை பாதி திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. நாங்கள் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிந்தது. பதிலுக்கு அவர் வாயைத் திறந்தால் அந்த ஒரே வார்த்தை. தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான். அம்மாவைக் கூப்பிடுவதற்கும் அதுதான். சொன்ன மறுநொடி அவர் கண்கள் விரியும், தான் சொன்னதைத் தானே கேட்டுத் திடுக்கிட்டதைப் போல. அந்தக் கண்களைப் பார்ப்பதுதான் எனக்கு வார்த்தையைவிடப் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு என் பயங்கள் பெருகின. இன்னொரு முறை அடைப்பு வந்துவிடுமோ என்பது ஒன்று. தெருவில் போகிறவர்கள் காதில் விழுமோ என்பது ஒன்று; அதற்காக ஜன்னல்களைச் சாத்தி வைத்தேன், வெக்கையில் மூவரும் வெந்தோம். வேலையில் இருக்கும்போது போன் அதிர்ந்தால் கையிலிருக்கும் அளவுகருவியைக் கீழே வைத்துவிட்டுத்தான் எடுப்பேன். எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்று கிடந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. இந்த வார்த்தை அவருக்குள் எங்கே இருந்தது? மற்ற எல்லாம் அழிந்த பிறகும் இது மட்டும் மிஞ்சுகிறதென்றால், இதுதான் அடியில் இருந்ததா?

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் தெரபிஸ்ட் என் வயதுப் பெண். புதுக்கோட்டையில் ஒரு மாடி அறையில் இருந்தார். அவரிடம் அந்தக் கேள்வியைச் சுற்றி வளைத்துத்தான் கேட்டேன்.

"யோசிச்சு, வார்த்தையத் தேடி எடுத்துக் கோக்குற எடம் அடிபட்டிருக்குங்க," என்றார் அவர். "யோசிக்காம வாயில வர்றதெல்லாம் வேற பக்கம் தங்கியிருக்கும். எண்ணிக்க, பாட்டு, செபம், திட்டு. சிலருக்கு எண்ணிக்க மிஞ்சும். அப்பாவுக்கு இது மிஞ்சியிருக்கு."

"அவரு திட்டுனதே இல்லையே."

"காதுல விழுந்திருக்கும்ல? ஸ்டாண்டுல இத்தன வருசம். நாக்கு நுனி வரைக்கும் வந்து எத்தன தடவ முழுங்கியிருப்பாரு. முழுங்குறதும் பழக்கந்தானே." பிறகு என்னை நேராகப் பார்த்தார். "அவரு எது சொன்னாலும் தடுக்காதீங்க. மொகத்தச் சுளிக்காதீங்க. வாய் தொறக்கணும், அதான் முக்கியம். இந்த ஆரம்ப மாசங்கள்ல வெக்கப்பட்டு வாய மூடிக்கிட்டா அப்பறம் தொறக்குறது ரொம்பக் கஷ்டம்."

வீடு திரும்பும் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். முழுங்கியிருப்பாரு. அப்படியானால் அது அடியில் கிடந்தது உண்மைதான். அதன் மேல் ஒவ்வொரு நாளும் வேறு சொல்லைத் தேர்ந்தெடுத்து வைத்ததும் உண்மைதான். இப்போது தேர்ந்தெடுக்கும் கை விழுந்துவிட்டது.

பழைய கண்டக்டர் பார்க்க வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு உள்ளே வந்து, "அண்ணே, இங்கிட்டுத் திரும்புங்க, யாரு வந்திருக்கான்னு தெரியுதா?" என்றார். நான் தடுப்பதற்குள் அப்பா வாயைத் திறந்துவிட்டார். வார்த்தை கணீரென்று விழுந்தது.

கண்டக்டர் அப்படியே நின்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏண்ணே! நானும் பொழுதன்னைக்கும் ஒங்ககிட்ட இந்த ஒத்த வார்த்தைக்காகக் காத்துக் கெடந்தேன். ஓட்டும்போது சொல்லாம, பென்சனுக்கு வச்சிருந்தீங்களாக்கும்?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா அவரை உற்றுப் பார்த்தார். பிறகு அவர் முகத்தின் இடது பாதி மெல்ல விரிந்தது. தோள் குலுங்கியது. ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான். இரண்டு பேருமாக ஏதேதோ பேசினார்கள். கண்டக்டர் ஸ்டாண்டுக் கதைகளைச் சொல்லுவார்; அப்பா அந்த ஒரே வார்த்தையை ஆச்சரியமாகவும் கேள்வியாகவும் கேலியாகவும் சொல்லுவார். போகும்போது கண்டக்டர், "வாரேன் மதினி. அண்ணன் நல்லாத்தான் இருக்காரு. மொழிதான் மாறிப்போச்சு," என்றார். வாசலில் செருப்பை மாட்டும்போது அவர் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

அந்த வாரமே அத்தையும் வந்தாள். அப்பாவின் அக்கா. எங்கள் தெருவிலேயே மேற்கே வீடு. கெட்டவள் இல்லை. நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் எங்கள் ஆடுகளுக்குத் தழை ஒடித்துப் போட்டவள் அவள்தான். கையில் செபமாலையோடு கட்டிலோரம் உட்கார்ந்து தம்பியின் காலைத் தடவிக் கொடுத்தாள். அப்பா வாயைத் திறந்து அந்த வார்த்தையைச் சொன்னார். அத்தையின் கை நின்றது. அவள் அழுதாள். அழுதுகொண்டே, மிக மெதுவாக, அம்மாவிடம் சொன்னாள்.

"உள்ள இருக்குறதுதானே வெளிய வரும்? கோயில்ல எத்தன தடவ கேட்டிருக்கோம். இத்தன வருசமா எதப் பூட்டி வச்சிருந்தானோ எந்தம்பி. நல்லா வேண்டிக்கங்க, ஆண்டவரு மன்னிக்கட்டும்."

ஒரு வசவுகூட அதில் கிடையாது. செபத்தைப் போல மென்மையாக இருந்தது. அப்பாவுக்கு எல்லாம் புரியும் என்பதை மறந்துவிட்டாள், அவ்வளவுதான். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் உதடுகளை மடக்கி உள்ளே கடித்துக்கொண்டார்.

அதன் பிறகு அந்த வாய் திறக்கவில்லை.

சாப்பிடத் திறக்கும். மாத்திரைக்குத் திறக்கும். யாராவது முகத்தைப் பார்த்துப் பேசினால் உதடு உள்ளே போய்விடும். தண்ணீர் வேண்டுமென்றால் செம்பைக் காட்டினார். தெரபிஸ்ட் படங்களைக் காட்டி 'ஆ' என்று தொடங்கச் சொன்னபோது தலையைத் திருப்பிக்கொண்டார். தெரபிஸ்ட் என்னை வெளியே கூப்பிட்டு, "வீட்டுல யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டார். "எப்படியாவது தொறக்க வைங்க. எதுக்காகத் தொறந்தாலும் சரி," என்றார். அந்த வார்த்தை காதில் விழாமலிருக்க ஜன்னல்களைச் சாத்தியவள், இப்போது அது கேட்காதா என்று கம்பெனியிலிருந்து வந்ததும் வராததுமாக அவர் முகத்தைப் பார்த்தேன்.

பழக்கத்தில் மிஞ்சியிருக்கக்கூடியவை என்று யோசித்து ஒவ்வொன்றாக முயன்றேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலை மடக்கினேன். வரவில்லை. கோயில் பாட்டுகளைப் பாடினேன். அவர் கண்ணில் நீர் வந்ததே தவிர வாய் திறக்கவில்லை. அவருடைய வழித்தடத்தில் உள்ள நிறுத்தங்களை வரிசையாகச் சொல்லி நடுவில் நிறுத்தினேன். அதுவும் வரவில்லை. நிறுத்தங்களைக் கூவியது கண்டக்டரின் வாய், அப்பாவினுடையது இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

செபம் கட்டாயம் வரும் என்று நம்பினேன். எங்கள் வீட்டில் ஒவ்வொரு சாயங்காலமும் செபமாலை உண்டு. ஒருவர் முன்பாதியைச் சொல்லுவார். மற்றவர்கள் பின்பாதியைச் சொல்லி முடிப்பார்கள். செபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் அதே செபம், அப்படியே போகும். அப்பா ஓட்டத்தில் இருக்கும் நாட்களில் அம்மாவும் நானும் சொல்லுவோம். அவர் இருந்தால் அவர்தான் தொடங்குவார். நான் கட்டிலருகே முழந்தாளிட்டு, அவர் தொடங்குவதைப் போலவே, "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று ஆரம்பித்து முன்பாதியைச் சொல்லி நிறுத்தி, அவர் முடிப்பதற்காகக் காத்திருந்தேன். மீண்டும் சொன்னேன். மீண்டும் காத்திருந்தேன். அப்பாவின் உதடு உள்ளேதான் இருந்தது. நெற்றியில் வேர்த்தது. அவரைத் துன்புறுத்துகிறேன் என்று தெரிந்தது. செபமே வரவில்லையென்றால் இனி எதுவும் வராது என்று நினைத்தேன்.

இரண்டொரு நாள் கழித்து, எனக்கு விடுமுறையான ஒரு நாளில், பொழுது சாய்கிற வேளையில், பின்கட்டில் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே அம்மா கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து செபம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தச் செபத்தில் ஏதோ குறைந்தது. "புனித மரியே, இறைவனின் தாயே" என்று தொடங்கிப் பின்பாதியைச் சொல்லி முடிப்பாள். பிறகு சத்தமில்லை. பிறகு மறுபடியும் பின்பாதி. எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் முன்பாதிக்கு ஆகிற நேரம் அளவு சும்மா இருந்துவிட்டு, தன் பாதியைச் சொல்லி, மணியை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

பிறகு கேட்டபோது, "அவரு பாதிய நான் எப்படிச் சொல்லுறது? அவரு மனசுக்குள்ள சொல்லுவாரு, நான் காத்திருந்து பதில் சொல்லுறேன்," என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள். இப்போதெல்லாம் நான் வேலை முடிந்து வருவதற்குள் முடிந்துவிடுவதால் எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சத்தமில்லாத இடத்தில்தான் கேட்டது. முதலில் மூச்சு. பிறகு, துருப்பிடித்த கதவைத் திறந்ததைப் போல, "அருள்…"

துணி என் கையில் அப்படியே இருந்தது. அம்மா திரும்பவில்லை, தலையைக்கூட அசைக்கவில்லை.

"அருள் நெறஞ்ச மரியே வாழ்க," என்றார் அப்பா. முன்பாதி முழுவதும் வந்தது. சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன, ஆனால் வந்தன. அம்மா உடனே தன் பாதியைச் சொன்னாள். குரல் உடைந்தாலும் வேகம் மாறவில்லை. மறுபடியும் அவர். மறுபடியும் அம்மா. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு முறை அவர் வாய் திறக்கும்போதும் அடுத்து வருவது எது என்று தெரியாமல் உடம்பு விறைத்தது. செபமாலையின் அந்தப் பத்து மணிகளுக்குள் ஒருமுறை அந்த வார்த்தையும் வந்தது. அம்மா அதற்கும் தன் பாதியையே பதிலாகச் சொல்லி, மணியை நகர்த்தினாள்.

என் தவறு அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வாழ்நாள் முழுவதும் தொடங்கிவைத்தவரிடம் போய், நானே தொடங்கிவிட்டு, முடித்துக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். அம்மாவின் பாதி அவர் நாவில் இருந்ததே இல்லை.

தெரபிஸ்ட் மகிழ்ந்தார். செபம் வந்தால் 'தண்ணீர்' உடனே வந்துவிடாது என்றும் சொன்னார். வரவும் இல்லை. செபத்துக்கு வெளியே உதடு மடங்கியேதான் இருந்தது. ஆனால் நாளுக்கு ஒரு முறையாவது வாய் திறந்தது. அந்தச் சின்ன இடத்தைத்தான் பிடித்துக்கொண்டிருந்தோம்.

அப்போது எங்கள் வீட்டு முறை வந்தது. எங்கள் பங்குக் கோயிலில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்களைச் சேர்த்து ஓர் அன்பியம் என்பார்கள். மாதம் ஒரு வீட்டில் கூடிச் செபம் சொல்லி, வாசகம் வாசித்து, டீ குடித்துவிட்டுப் போவோம். எந்த வீட்டில் கூடுகிறதோ அந்த வீட்டுக்காரர்தான் செபமாலையைத் தொடங்க வேண்டும்.

"அடுத்த வீட்டுக்கு மாத்தச் சொல்லிரலாம்மா," என்றேன்.

"எதுக்கு?"

"எதுக்கா? எல்லாரும் வருவாங்க. அத்தையும் வரும். அப்பா ஏதாவது சொல்லிட்டாருன்னா?"

"சொன்னா சொல்லிட்டுப் போறாரு."

"அம்மா, அன்னைக்கு அத்த ஒண்ணு சொன்னதுக்கே எத்தன நாளு வாயப் பூட்டிக்கிட்டாரு. இத்தன பேரு முன்னாடி ஒண்ணு ஆச்சுன்னா செபங்கூட நின்னு போயிரும். அப்பறம் எதுவுமே மிஞ்சாது."

அம்மா நேராக அப்பாவிடம் போய், "ஏங்க, அன்பியம் நம்ம வீட்டுக்கு வருதாம். வரட்டுமா, வேணாமா?" என்று கேட்டாள். அப்பா இடது கையால் கட்டில் சட்டத்தை இரண்டு தட்டுத் தட்டினார். அது 'சரி'.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முன் அறையில் பாய் விரித்தோம். பெரியவர்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி. அம்மா சுண்டல் தாளித்தாள். நான் சத்தம் எழுப்பக்கூடியவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக அப்புறப்படுத்தினேன். டம்ளர் அடுக்கை அடுப்படிக்குள் கொண்டுபோனேன். போன்களை அமைதியாக்கச் சொன்னேன். திடீர்ச் சத்தம் வந்தால்தான் அந்த வார்த்தை வருகிறது என்று கவனித்து வைத்திருந்தேன். அத்தை வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அப்பாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டிருந்தோம். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டுதான் இருந்தார்.

ஒருவரும் தொடங்கவில்லை. அம்மா தன் பாதியைச் சொன்னாள். சிலர் புரியாமல் பார்த்தார்கள். அப்பாவின் உதடு வெளியே வந்தது. "அருள் நெறஞ்ச மரியே வாழ்க." எல்லோரும் சேர்ந்து பதில் சொன்னார்கள். அவ்வளவு பேரின் குரல் அவர் மேல் வந்து விழுந்தபோது அப்பாவின் முதுகு நிமிர்ந்தது. இரண்டாவது மணி. மூன்றாவது. என் நகங்கள் உள்ளங்கையில் பதிந்திருந்தன.

தெருவை நான் மறந்திருந்தேன். வாசலை ஒட்டிப் போன ஒரு வண்டி ஏர்ஹாரனை அமுக்கியது. காலம் காலமாக அந்தச் சத்தத்துக்கு வாழ்த்துச் சொன்ன மனிதர், நாற்காலியில் துள்ளி, அந்த வார்த்தையைக் கத்தினார்.

செபத்தின் நடுவில், மாதா படத்துக்கு எதிரே, மெழுகுவத்தி எரிந்துகொண்டிருக்க.

ஒரு பெண் தன் பிள்ளையின் காதைப் பொத்தினாள். யாரோ தொண்டையைச் செருமினார். அப்பாவின் கண்கள் விரிந்தன. எனக்கு நன்றாகத் தெரிந்த அந்த அசைவு தொடங்கியது. கீழுதடு உள்ளே போயிற்று. மேலுதடு மூடியது. இனித் திறக்காது என்று எனக்குத் தெரிந்தது. நானே எழுந்து முன்பாதியைச் சொல்லி எல்லாவற்றையும் மூடி மறைத்துவிடலாம் என்று வாயெடுத்தேன்.

"புனித மரியே," என்றாள் அம்மா. "இறைவனின் தாயே."

ஏதும் நடக்காததைப் போல. அவர் முன்பாதியைச் சொல்லி முடித்துவிட்டதைப் போல. ஒரு குரல் சேர்ந்தது. இன்னும் இரண்டு சேர்ந்தன. முடிந்ததும் அம்மா காத்திருந்தாள். அப்பா திறக்கவில்லை. முன்பாதிக்கு ஆகிற நேரம் கடந்தது. அம்மா மறுபடியும் தன் பாதியைச் சொன்னாள். நான் முன்பாதியை விழுங்கிவிட்டு அவளோடு சேர்ந்து பின்பாதியைச் சொன்னேன். அந்த இடம் அவருடையது. நான் போய் உட்கார்ந்தால் அவருக்கு இல்லாமல் போய்விடும். மீண்டும் சும்மா இருந்தோம். மெழுகு உருகிப் பாயில் சொட்டியது, யாரும் துடைக்கவில்லை. ஜன்னலோரத்திலிருந்து, இந்த முறை அம்மாவுக்கும் முன்னால், அத்தையின் குரல் எழுந்தது. "புனித மரியே…" பிறகுதான் நாங்களெல்லாம்.

பின்பாதி முடிந்தது. உதடு வெளியே வந்தது. எது வரும்?

"அருள்," என்றார் அப்பா.

செபமாலையின் ஐம்பத்துமூன்று மணியும் முடியும்வரை நான் ஒருமுறைகூடச் சாய்ந்து உட்காரவில்லை. நடுவில் இன்னொரு முறை அந்த வார்த்தை வந்தது, மெதுவாக, தடுக்கி விழுந்ததைப் போல. அதற்கும் பதில் கிடைத்தது.

டீ கொடுக்கும் நேரத்தில் எல்லோரும் மழையைப் பற்றியும் முந்திரிப் பூவைப் பற்றியும் சற்று அதிகமாகவே பேசினார்கள். அத்தை ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனாள். நான் பின்னாலேயே போய் நின்றுகொண்டேன். அவள் டம்ளரை அவர் இடது கையில் வைத்தாள். அப்பா ஒரு வாய் குடித்தார். அக்காவை நிமிர்ந்து பார்த்தார். வாயைத் திறந்தார். செபம் முடிந்துவிட்டிருந்தது, அவரிடம் வேறு சொல் இல்லை. அவள் முகத்துக்கு நேராக அந்த வார்த்தையைத்தான் சொன்னார்.

நான் கையை நீட்டிவிட்டேன், எதற்கென்று தெரியாமல்.

"என்னப்பா," என்றாள் அத்தை. "சூடா இருக்கா?"

அப்பா இடது கை விரலால் நாற்காலிக் கையைத் தட்டினார். இரண்டு தட்டு.

"குடு. ஆத்தித் தாரேன்," என்று டம்ளரை வாங்கி, இன்னொரு டம்ளருக்குத் தூக்கி ஊற்றினாள். கொஞ்சம் அவள் சேலையில் சிந்தியது. அப்பா அதைப் பார்த்து மறுபடியும் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"சிந்தட்டும், தொவச்சுக்கிறலாம்," என்றாள் அத்தை. "நீ பேசு."